சுட்ட பிறகு

வேட்டைக் கதைகளைப் படிப்பதில் எனக்கு வெகுநாளாக ஒரு பலவீனம் உண்டு. துப்பாக்கியைக் கையால் தொட்டவனல்ல நான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோழி அறுக்கும் நேரம் பார்த்துக் கடைத்தெருப் பக்கம் போய்விடுகிறவன். ஆனாலும், யாராவது ஒருவன் விடியற்காலையில் பனியில் நனைந்துகொண்டு மலைச்சரிவில் ஏறினான் என்று ஒரு புத்தகம் ஆரம்பித்தால், அதை முடிக்காமல் என்னால் கீழே வைக்க முடிவதில்லை.

பிறந்த ஊர்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிறவர்கள் சூளகிரி மலையைப் பார்க்காமல் போக முடியாது. சூலத்தின் முனைகளைப்போல் பாறை முடிகள் வானத்தில் குத்திக்கொண்டு நிற்கும். இன்று அந்த மலையடியில் கொத்தமல்லிக்கட்டும் புதினாக்கட்டும் ஏற்றிய வண்டிகளும், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும் விடிய விடிய ஓடுகின்றன. இருந்தாலும் காடு நம்மை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டம் வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் செய்தி வருகிறது. தென்மேற்கே போனால் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் என்று மலையும் காடுமாகக் காவிரிக்கரை வரையில் நீள்கிறது. 2014-இல் இந்தக் காட்டில் 504 சதுர கிலோமீட்டரைக் காவிரி வடக்கு வன உயிர்ச் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது.

கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள், பழைய புத்தகக்கடை ஒன்றில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே ஜவளகிரி என்று இருந்தது. லண்டனில் அச்சிட்ட புத்தகத்தில் ஜவளகிரி! நம் பஸ் ஸ்டாண்டுப் பலகையில் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும் பெயர்! கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்து வாங்கினேன். கென்னத் ஆண்டர்ஸன் என்ற பெங்களூர்வாசி 1954-இல் வெளியிட்ட முதல் புத்தகம் அது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு போக்கிரி யானையையும் பற்றியது. பிறகு 1959-இல் சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையைப் பற்றிய புத்தகம் வந்தது. சிவனிப்பள்ளியும் தேன்கனிக்கோட்டைக்கு அருகில் இருக்கும் சிற்றூர்தான். 1974-இல் அவர் இறக்கும்வரையில் எழுதிய பக்கங்களில் பல நம் மாவட்டத்துக் காட்டில் நடப்பவை. அந்நாளில் அது சேலம் ஜில்லா.

ஆண்டர்ஸன் பெரிய இலக்கிய ஆசிரியர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாதிரிக் கட்டிடம்தான் ஒவ்வொரு கதைக்கும்: புலி ஒருவனைக் கொல்லும், ஊரார் அழுவார்கள், இவர் வருவார், மரத்தில் பரண் கட்டி உட்காருவார், நாலைந்து இரவு ஏமாற்றம், கடைசியில் ஒரு வேட்டு. கதை தெரிந்த பிறகும் நாம் ஏன் படிக்கிறோம் என்றால், பரண்மேல் அவர் உட்கார்ந்திருக்கும் இரவுக்காகத்தான். அந்த இரவில் அவர் கேட்கிறார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டில், காதால் மட்டும் ஒரு காட்டை எழுதிக்காட்டியதுதான் அவருடைய சாதனை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காதுக்கு வேலை கொடுப்பது யார்? மான்தான். தூரத்து ஓடையில் கடமான் தாரை ஊதுவதுபோல் ஒருதரம் கத்துகிறது. புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது. சிறிது நேரம் கழித்து, அதற்கு இப்பால் புள்ளிமான் கீச்சென்று கூவுகிறது. வருகிறவன் மலையிறங்கிவிட்டான். பிறகு கேளையாடு நாய்போல் குரைக்கிறது. இன்னும் பக்கத்தில் வந்துவிட்டான். மூன்று குரலில் ஒரு புலியின் பாதையை முழுக்கக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். குமாவோன் காடுகளைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட்டும் இந்த வித்தையில் மகாசமர்த்தர். 1953-இல் வந்த அவருடைய காட்டறிவுப் புத்தகம் பாதிக்குமேல் கேட்கக் கற்றுக்கொண்ட கதைதான்.

இதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷமும் உண்டு. கேளையாட்டை அந்தக்காலத்துச் சென்னை ராஜதானி வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் காட்டு ஆடு என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். ஆண்டர்ஸனும் அப்படியே எழுதுகிறார். அது ஆடல்ல, மானினம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வழி காட்டியவன் ஆடு என்றான். துரையும் ஆடு என்று எழுதிவிட்டார். நம்மவன் நாக்கு லண்டன் அச்சுக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது.

இனி என் குறையைச் சொல்லுகிறேன். இந்தப் புத்தகங்களில் மானுக்குக் குரல் இருக்கிறது, கதை இல்லை. புலிக்கு ஊர்ப்பெயர் உண்டு, வயது உண்டு, ஆட்கொல்லியானதற்கு ஒரு காரணம் உண்டு. சாகும்போது அரைப் பக்கம் கௌரவமும் உண்டு. மான் கூவிவிட்டுப் போகிறது. நம் ஊரிலும் இது புதிதல்ல. இந்தப் பக்கம் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் எத்தனையோ இருக்கின்றன. புலியைக் குத்திப் பட்டவன், பன்றியோடு பொருது பட்டவன் என்று வீரனும் விலங்கும் கல்லில் நிற்பதைக் காணலாம். மானை வேட்டையாடியவன் என்று ஒருவனுக்குக் கல் நட்டதை நான் பார்த்த இடங்களில் பார்க்கவில்லை. எதிர்த்து நிற்காத பிராணியைக் கொன்றால் அது சாப்பாடு, சரித்திரமல்ல என்று நம் முன்னோரும் நினைத்தார்கள் போலும்.

மானுக்கு நேர்ந்த கதிதான் அதை வேட்டையாடும் ஏழைக்கும். ஆண்டர்ஸனுடைய முதல் புத்தகத்தில் பைரா என்ற பூசாரியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவருடைய எழுத்திலேயே நான் அதிகம் விரும்பிப் படிப்பது அதைத்தான். பைரா காட்டுவாசி, திருட்டு வேட்டைக்காரன். ஆண்டர்ஸன் அவனை நண்பனாக்கிக்கொண்டு, காட்டைப் படிக்கத் தெரிந்த மேதை என்று மனம் திறந்து கொண்டாடுகிறார். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவன் வேட்டைக்காரன், இன்னொருவன் திருட்டு வேட்டைக்காரன் என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் எழுவதே இல்லை. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு, காட்டுக்குள் லைசென்ஸோடு போகிறவன் கனவான். இல்லாமல் போகிறவன் கள்வன். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவனிடம் லைசென்ஸ் இல்லை.

ருஷ்யாவில் துர்கனேவ் என்ற ஜமீன்தார் 1852-இல் ஒரு வேட்டைக்காரனின் குறிப்புகளை வெளியிட்டார். அதிலும் ஒரு கனவான் துப்பாக்கியோடு காட்டிலும் வயலிலும் திரிகிறார். படித்து முடித்த பிறகு அவர் என்ன பறவையைச் சுட்டார் என்பது நமக்கு நினைவில் நிற்பதில்லை. வழியில் அவர் சந்தித்த பண்ணை அடிமைகள்தான் நிற்கிறார்கள். வேட்டை அவருக்கு ஒரு சாக்கு. மனிதர்களைப் பார்ப்பதற்காக அவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் என்றே தோன்றுகிறது. பைராவின் அத்தியாயத்தில் ஆண்டர்ஸன் அந்த வாசற்படி வரையில் வந்துவிட்டு, அடுத்த புலி கூப்பிட்டவுடன் திரும்பிப் போய்விடுகிறார்.

பிறர் குற்றத்தைச் சொன்னேன். என் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல.

என் இரண்டாவது நாவலில் ஒரு மான் வேட்டை வருகிறது. கதாநாயகன் மத்தியான்னத்துக்குச் சற்று முன்னால் மலையடியிலிருந்து மெதுவாக ஏறுகிறான். செங்குத்தான முடியில், வானத்தை முதுகில் தாங்கிக்கொண்டு ஒரு புள்ளிமான் நிற்கிறது. குறி பார்க்கிறான், சுடுகிறான், மான் சரிகிறது. அவன் மனத்தில் வைராக்கியம் பிறக்கிறது. முப்பது வரிக்குள் முடிந்துவிட்டது. விமரிசகர்கள் இருவர் அந்த முப்பது வரியைத் தனியாக எடுத்துப் பாராட்டினார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் சூளகிரிக்குப் போயிருந்தபோது, தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்துவந்த ஒரு பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். அஞ்செட்டிப் பக்கத்து மலைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. கல்லூரியில் படிக்கும் பேத்தி என் நாவலை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். அந்த மானு சாவறதுதான் இடிக்குது” என்றார்.

“ஏன் பெரியவரே?”

“ஒரே வேட்டுல வுளுந்துட்டுதே!”

“குறி சரியாக இருந்தால் விழாதா?”

“வுளும். எப்பவாச்சும் ஒண்ணு வுளும். மிச்சமெல்லாம் ஓடும் சார். சுட்ட பொறவுதான் வேலையே இருக்குது.”

பிறகு அவர் என் முப்பது வரியைப் பிரித்துப் போட்டுவிட்டார். எனக்கு எந்த விமரிசகரும் அவ்வளவு பொறுமையாகப் பாடம் சொன்னதில்லை.

முதலாவது, காற்று. வெயில் ஏறினால் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்து குளிர்ந்தால் கீழே இறங்கும். மத்தியான்ன வேளையில் மலையடியிலிருந்து ஏறுகிறவனுடைய வாடை அவனுக்கு முன்னாலேயே மலை ஏறிவிடும். என் கதாநாயகன் பாதி வழி போவதற்குள் மான் மறுபக்கம் இறங்கியிருக்கும். தெரிந்தவன் இருட்டிலேயே சுற்றிக்கொண்டு மேலே போய்விடுவான். வெயில் ஏறின பிறகு மேலிருந்து இறங்குவான். மான் கீழே பார்த்துக்கொண்டே இருக்கும். மேலே பார்ப்பது குறைவு.

இரண்டாவது, மான். புள்ளிமானுக்குச் செங்குத்து முடியில் என்ன வேலை? அது புல்லும் திறந்த வெளியும் உள்ள தாழ்வான இடத்தில் கூட்டமாக மேய்கிற ஜாதி. மலைச்சரிவில் ஒண்டியாகவோ இரண்டு மூன்றாகவோ நிற்பது கடமான். ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு விடிகிற நேரத்தில் அடர்ந்த புதருக்குள் போய்ப் படுத்துவிடும். எனக்குப் புள்ளிதான் அழகாக இருந்தது. ஆகவே புள்ளிமானைத் தூக்கி மலைமேல் வைத்துவிட்டேன்.

மூன்றாவது, சாவு. நெஞ்சில் பட்டாலும் மான் ஓடும். அது நின்ற இடத்துக்குப் போய் முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரை கலந்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, வெகுதூரம் போகாது. கறுத்த சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சையாகத் தழைச்சாறு கலந்திருந்தால் வயிறு.

“வயித்துல பட்டுட்டா உடனே தொரத்தக் கூடாது சார். பீடியப் பத்த வெச்சிக்கிட்டு அங்கயே ஒக்காந்துடணும். தொரத்துனா பொழுதுக்கும் ஓடும். வுட்டுட்டா கொஞ்ச தூரம் போயி படுத்துக்கும். அப்பாலதான் போவணும். பள்ளத்துப் பக்கம்தான் எறங்கும். தண்ணிக்குப் போவும்.”

சட்டம் வருவதற்கு முன், 1960-களில், பெங்களூரிலிருந்து ஜீப்பில் வரும் கனவான்களுக்கு அவர் வழி காட்டப் போனதுண்டு. ஒருமுறை அப்படி வந்தவர் ஒரு கடமானை வயிற்றில் சுட்டுவிட்டார். இவர் உட்காரச் சொன்னார்; அவருக்குப் பொறுமை இல்லை. துரத்தினார்கள். சாயங்காலம்வரைக்கும் மான் தென்படவில்லை. கனவான் கூலியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் பெரியவர் மட்டும் கொடுவாளை எடுத்துக்கொண்டு ஓடைவழியே தேடிப் போனார்.

“கெடைச்சுதா?” என்று கேட்டேன்.

“கெடைச்சுது.”

“செத்துப்போயிருந்ததா?”

“இல்லீங்க சார்” என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு என் முப்பது வரியை எடுத்து மறுபடி படித்தேன். அந்த மான் ஒரே வேட்டில் விழுந்தது ஏனென்றால், அது ஓடினால் எனக்குக் கஷ்டம். ஓடினால் பின்னால் போகவேண்டும். கொடுவாளோடு ஓடையில் நிற்கவேண்டும். என் கதாநாயகனுக்கு வைராக்கியம் பிறந்ததா, அல்லது வேறு ஏதாவது பிறந்ததா என்று பார்க்கவேண்டும். நான் சுட்டது மானையல்ல, எனக்கு எழுதத் தெரியாத பக்கங்களை. வேட்டைக் கதைகளில் குறி தப்புவதே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தப்பின குறிகளை யாரும் புத்தகம் போடுவதில்லை.

இதை வைத்துக்கொண்டு, வேட்டையாடியவன்தான் வேட்டையைப் பற்றி எழுதலாம் என்று நான் விதி செய்யப்போவதில்லை. மான் குட்டியின் கண்ணால் காட்டைப் பார்த்துப் பாம்பி என்ற கதையை 1923-இல் புத்தகமாகத் தந்த ஆஸ்திரியர் ஃபெலிக்ஸ் ஸால்ட்டன் வேட்டைப் பழக்கம் உள்ளவர். 1942-இல் வால்ட் டிஸ்னி அதைப் படமாக எடுத்தபோது உலகமெங்கும் குழந்தைகள் அழுதார்கள். துப்பாக்கி பிடித்த கை மானுடைய பயத்தை எழுதியிருக்கிறது. துப்பாக்கியைத் தொடாத என் கை பொய் எழுதியிருக்கிறது. வேட்டைக்குப் போனானா, போகவில்லையா என்பதல்ல கேள்வி. சுட்ட பிறகு கூடப் போனானா என்பதுதான்.

நம் இதிகாச கர்த்தாக்கள் கூடப் போனவர்கள். பாண்டு மானென்று அம்பு விட்டான், விழுந்தவர் முனிவர். ராமன் பொன்மானைத் துரத்தினான், விழுந்தவன் மாரீசன். தசரதன் இருட்டில் ஓசையைக் கேட்டு யானை என்று நினைத்தான். விழுந்தவன் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை. காளிதாசனுடைய துஷ்யந்தனை மட்டும் ஆசிரமவாசிகள் தடுத்து அம்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் செய்கிறார்கள். பாண்டுவுக்குச் சாபமும், ராமனுக்குப் பிரிவும், தசரதனுக்குப் புத்திர சோகமும் சுட்ட பிறகு வந்தவைதான். அந்த வேட்டைகளைச் சில வரியில் முடித்துவிட்டிருந்தால் நமக்கு இதிகாசமே இருந்திராது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 2023 பிப்ரவரியில், மேட்டூருக்கு மேலே பாலாறு காவிரியில் வந்து சேரும் எல்லைப்புறத்தில் இரவு நேரத்தில் துப்பாக்கி வெடித்தது. மான் வேட்டைக்காரர்கள் என்று கருதிக் கர்நாடக வனத்துறையினர் சுட்டதாகச் செய்தி. கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவருடைய உடல் பிறகு ஆற்றில் கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவிதமாகவும் இந்தப் பக்கம் இன்னொருவிதமாகவும் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. 1972-இல் வந்த வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இல்லாவிட்டால் இன்று அந்தக் காட்டில் கூவுவதற்கு மான் இருந்திருக்காது என்பதையும் நான் மறக்கவில்லை. கண்ணி வைப்பவனையும் நாட்டுத் துப்பாக்கிக்காரனையும் நான் கதாநாயகனாக்க விரும்பவில்லை. எனக்குப் பாடம் சொன்ன பெரியவரே பிற்காலத்தில் கண்ணி வைத்து அகப்பட்டு அபராதம் கட்டியவர்தான். ‘முன்னே அதுக்குக் கூலி குடுத்தாங்க, பின்னே அதுக்கே காசு வாங்கிட்டாங்க’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் செய்தியையும் நான் முப்பது வரியில்தான் படித்தேன். சுட்டார்கள், விழுந்தார். ஒரே வேட்டு. அந்த இரவு ஓடியவர்கள் எந்தப் பள்ளத்தில் இறங்கினார்கள், விடியற்காலையில் யார் தேடிப் போனார்கள், கரையில் நின்ற பெண்பிள்ளைகள் என்ன கண்டார்கள் என்பது பத்திரிகையில் இல்லை. பத்திரிகைக்கு இடம் கிடையாது. நாவலாசிரியனுக்கு இடம் இருக்கிறது. சுட்ட பிறகு என்ன நடந்தது என்று நடந்துபோய்ப் பார்ப்பதற்குத்தானே நாவல் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்? நானும் அதைச் செய்யாமல் முடியில் ஓர் அழகான மானை நிறுத்திச் சுட்டுவிட்டு, பாராட்டும் வாங்கிக்கொண்டேனே என்றுதான் வெட்கமாக இருக்கிறது.

நாவலின் அடுத்த பதிப்பு வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். புள்ளிமானைக் கடமானாக்கினேன். காற்றைச் சரிசெய்தேன். கதாநாயகனைப் பள்ளத்தில் இறக்கி, ஓடைவரையில் நடக்க வைத்தேன். முப்பது வரி பதினோரு பக்கமாயிற்று. கதை அங்கே நொண்டுகிறது என்று பதிப்பாளர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது உண்மைதான். முன்பு பாராட்டியவர்களில் ஒருவர், அழகான இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று கடிதம் எழுதினார்.

பேத்தி அந்தப் பதினோரு பக்கத்தையும் பெரியவருக்குப் படித்துக் காட்டினாளாம். காற்று சரி, மான் சரி என்று தலையாட்டிக்கொண்டே கேட்டாராம். முடிந்ததும் சற்றுநேரம் சும்மா இருந்துவிட்டு, “இன்னமும் சீக்கிரமாத்தான் சாவுது” என்றாராம்.